கோலமாவும் நாற்பது பக்க நோட்டும்

"உங்கள் வாழ்க்கையின் லட்சியம் என்ன?"

இப்படித் திடீரென்று ஒருவர் வந்து கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? "அடுப்பில் பால் வைத்திருக்கிறேன், அப்புறம் வாருங்கள்" என்பீர்கள். அதில் தவறே இல்லை. பால் பொங்கி வழிந்தால் மேடையைத் துடைக்கப் போவது லட்சியமா, நீங்களா?

ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே நகரங்களில் வகுப்புகள் நடக்கின்றன. சுய முன்னேற்றப் பயிற்சி முகாம் என்று பெயர். குளிர்சாதன ஹால், கையில் ஒரு பைல், பதினொரு மணிக்குக் காபி, பிஸ்கட். மேடையில் இருப்பவர் நன்றாகவே பேசுகிறார். கை தட்டச் சொல்கிறார்; தட்டுகிறோம். கண்ணை மூடிக் கொண்டு, பத்து வருஷம் கழித்து நாம் எப்படி இருப்போம் என்று கற்பனை செய்யச் சொல்கிறார், செய்கிறோம். பிறகு ஒரு காகிதத்தில் லட்சியத்தை எழுதச் சொல்கிறார். 'குடும்பத்தோடு சந்தோஷமாக இருக்க வேண்டும். உடம்பைக் கவனித்துக் கொள்ள வேண்டும். ஏதாவது சாதிக்க வேண்டும்' என்று எழுதுகிறோம். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பைல் பரணில் ஏறிப் போன வருஷத்துக் காலண்டர்களுடன் சேர்ந்து கொள்கிறது.

கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. மனத்தைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும், வாழ்க்கைக்கு ஒரு குறி வேண்டும் என்கிற ஆசை நல்ல ஆசை. தமிழ்நாட்டில் அதற்கு வழிகாட்டியவர்களும் உண்டு. அப்துற் றஹீமின் 'வாழ்க்கையில் வெற்றி'யைப் படித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி 1958-ல் உலக சமுதாய சேவா சங்கத்தை ஆரம்பித்தார். எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல் என்று அவர் பாடம் பிரித்து வைத்ததைப் பார்த்தால், நம் வீட்டு வழக்குகளை எல்லாம் அவர் ஜன்னல் வழியாகக் கேட்டிருப்பாரோ என்று தோன்றும். அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த டாக்டர் எம். எஸ். உதயமூர்த்தி 1988-ல் மக்கள் சக்தி இயக்கம் கண்டு ஊர் ஊராகப் பேசினார்.

ஆகையால் குறை ஆசையில் இல்லை. வகுப்பை நடத்துகிற முறையில்தான் இருக்கிறது. ஒருவர் பேச, நூறு பேர் கேட்பது பிரசங்கம். பிரசங்கம் கேட்டு உற்சாகம் வரலாம். யோசிக்கும் பழக்கம் வராது. நீச்சலைப் பற்றி எவ்வளவு கேட்டாலும் கிணற்றில் இறங்காமல் வருமா?

அதிலும் இந்த மேடைகளில் அடிக்கடி சொல்லப்படும் ஒரு கதை இருக்கிறது. 1953-ல் அமெரிக்காவில் யேல் பல்கலைக் கழகத்தில் படிப்பு முடித்த மாணவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் மட்டும் தங்கள் லட்சியத்தை எழுதி வைத்திருந்தார்களாம். இருபது வருஷம் கழித்துப் பார்த்தால், அந்த மூன்று பேருடைய சொத்து பாக்கித் தொண்ணூற்றேழு பேர் சொத்தையும் கூட்டினால் வருவதைவிட அதிகமாம்! கேட்க ருசியாகத்தான் இருக்கிறது. 1996-ல் ஓர் அமெரிக்கப் பத்திரிகை இதைத் துருவிப் பார்த்தது. அப்படி ஓர் ஆராய்ச்சி நடந்ததற்குச் சுவடே கிடைக்கவில்லை. தெளிவாக யோசிக்கக் கற்றுக் கொடுக்கும் மேடையில், 'இதை யார் பார்த்தார்கள்?' என்ற முதல் கேள்வியையே ஒருவரும் கேட்காமல் போனது வேடிக்கை அல்லவா?

அந்தக் கேள்வியைக் கேட்பதில் கெட்டிக்காரர்களாகப் பழகிக் கொண்ட பெண்கள் நம் மாநிலத்திலேயே இருக்கிறார்கள். மேடை, மைக், காபி எதுவும் இல்லாமல், வறண்ட மாவட்டம் ஒன்றில் தரையில் வட்டமாக உட்கார்ந்து பழகினார்கள்.

தருமபுரிக்குப் போவோம்

சேலத்திலிருந்து ஓசூர் வழியாகப் பெங்களூர் போகும் ரயில் பாதையில் தருமபுரிக்கு அடுத்தாற்போல் வருகிற பெரிய ஊர் பாலக்கோடு. கூட்டுறவுச் சர்க்கரை ஆலை உள்ள ஊர். சுற்றிலும் கரும்பு, மாந்தோப்பு, எல்லாவற்றுக்கும் மேலாகத் தக்காளி. இன்று காலை உங்கள் வீட்டு ரசத்தில் கரைந்தது பாலக்கோட்டுச் சந்தைத் தக்காளியாகவும் இருக்கலாம். மழையை நம்பிய பூமி. 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில், எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே கடைசி மாவட்டம் தருமபுரிதான்: நூற்றுக்கு அறுபத்தெட்டுச் சொச்சம் பேர். பெண்களை மட்டும் எடுத்துக் கொண்டால் அறுபதை ஒட்டித்தான் வரும்.

இந்த மாவட்டத்தில்தான் 1989 செப்டம்பரில் தமிழ்நாட்டின் முதல் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. கிருஷ்ணகிரியும் அப்போது தருமபுரி மாவட்டத்திலேயே சேர்ந்திருந்தது; 2004-ல்தான் பிரிந்தது. ரோமாபுரியில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் சர்வதேச விவசாய வளர்ச்சி நிதியம் பண உதவி செய்தது. அரசின் மகளிர் மேம்பாட்டு நிறுவனம் முன்னின்று நடத்தியது. இந்தியன் வங்கி கடன் கொடுத்தது. தொண்டு நிறுவனங்கள் கிராமங்களுக்குள் போய் வேலை செய்தன. தருமபுரியில் வேர் பிடித்ததைப் பார்த்த பிறகு சேலம், தென்னாற்காடு, மதுரை, இராமநாதபுரம் என்று பரவி, 1997-98-ல் 'மகளிர் திட்டம்' என்ற பெயரில் மாநிலம் முழுவதற்குமான காரியமாயிற்று.

இந்த யோசனை எங்கே முளைத்தது தெரியுமா? எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்துக் கோலார் பக்கத்தில். 'மைராடா' என்ற தொண்டு நிறுவனம் அங்கே பெரிய கூட்டுறவுச் சங்கங்களை வைத்து வேலை செய்து கொண்டிருந்தது. 1984-85-ல் அவற்றில் சில உடைந்து போயின. பெரிய சங்கத்தில் பெரிய மனிதர்கள் கைதான் ஓங்கும்; இது நமக்குத் தெரியாத விஷயமா? வெளியேறியவர்கள் சும்மா போய்விடவில்லை. ஒருவரை ஒருவர் நம்பக் கூடிய பத்துப் பதினைந்து பேராகச் சேர்ந்து கொண்டு, "வாங்கின கடனைத் திருப்பித் தருகிறோம்; ஆனால் அந்தச் சங்கத்திடம் தரமாட்டோம்" என்றார்கள். "அப்படியானால் உங்களுக்குள்ளேயே கட்டிச் சுழற்சி செய்து கொள்ளுங்களேன்" என்று நிறுவனத்தார் சொன்னார்கள். 1987-ல் நபார்டு வங்கி இதை வளர்த்துப் பார்ப்பதற்காகப் பத்து லட்சம் ரூபாய் கொடுத்தது. பிற்பாடு இந்தியா பூராவும் பரவிய ஓர் ஏற்பாட்டுக்கு விதை, ஒரு சங்கத்தில் நடந்த சண்டை!

குழு என்றால் கடன் வாங்கும் இடம் என்று நம்மில் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறோம். கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். பன்னிரண்டு முதல் இருபது பேர். வாரத்தில் குறித்த நாள், குறித்த நேரம். வருகைப் பதிவு, சேமிப்புக் கணக்கு, கடன் கணக்கு, தீர்மானப் புத்தகம். கையெழுத்துப் போடத் தெரியாதவர் முன்னிலையிலும் கணக்கை உரக்கப் படித்தாக வேண்டும். ஒருத்தி எழுந்து, "எனக்கு இரண்டாயிரம் வேணும்" என்கிறாள். உடனே மற்றவர்கள் ஆரம்பிக்கிறார்கள்: எதற்கு? ஆடு வாங்கவா, பழைய கடனை அடைக்கவா? எத்தனை தவணை? ஆடு செத்துப் போனால்? மழை பெய்யாவிட்டால்? கேட்பவர்கள் அதிகாரிகள் அல்ல. அவளைப் போலவே நூறு நாள் வேலைக்கும் தக்காளி பறிக்கவும் போகிறவர்கள். அவர்கள் போட்ட காசு அந்தப் பெட்டியில் இருக்கிறது. ஆகவே கேள்விகளில் தாட்சண்யம் கிடையாது.

அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி, அடுத்த முறை கடன் கேட்க எழுவதற்கு முன்பே அந்தப் பெண் அவற்றைத் தனக்குள் கேட்டுக் கொள்கிறாள் பாருங்கள், அதற்குப் பெயர்தான் தெளிவான யோசனை. மகளிர் திட்டத்தில் உறுப்பினர்களுக்கு நாலு நாள், ஊக்குநருக்கும் பிரதிநிதிகளுக்கும் ஆறு நாள் என்று பயிற்சி வகுப்பும் உண்டு. ஆனால் உண்மையான பள்ளிக்கூடம் அந்த வாரக் கூட்டம்தான் என்பது என் அபிப்பிராயம்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. தருமபுரி மாவட்டத்தில் 2001-ல் ஆறு வயதுக்கு உட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகளே இருந்தார்கள். 2011-ல் அது 913 ஆக உயர்ந்தது. "பார்த்தீர்களா, குழுக்களின் மகிமையை!" என்று முடித்துவிட எனக்கும் கை துறுதுறுக்கிறது. ஆனால் அதே காலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. போலீஸ் கெடுபிடி வந்தது. பள்ளிகள், பஸ், ஆஸ்பத்திரி எல்லாம் வந்தன. இரண்டு விஷயம் ஒன்றாக நடந்தது என்பதற்காக ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. பாலக்கோட்டுக் குழுவில் இப்படிப் பேசியிருந்தால், "அது எப்படிம்மா சொல்றீங்க?" என்று யாராவது ஒருத்தி என்னை உட்கார வைத்திருப்பாள்.

இருபத்து நான்கு கொட்டைகள்

சரி, இப்படி ஒரு வகுப்பை நாமே நடத்தினால் என்ன? பாலக்கோட்டிலேயே ஒரு பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் நடத்துவதாக வைத்துக் கொள்வோம். உங்கள் தெருவிலோ, அடுக்கு வீட்டு மொட்டை மாடியிலோ நடத்தினாலும் முறை ஒன்றுதான்.

முதல் காரியம், நேரம். தக்காளிக் காட்டுக்குப் போகிறவர்களைக் காலை பத்து மணிக்குக் கூப்பிட்டால் யார் வருவார்கள்? சமையல் முடிந்து இரவு ஏழு மணிக்குமேல் வைத்தால் வருவார்கள். சந்தை நாளைத் தவிர்க்க வேண்டும். நகரத்தில் பிற்பகல் மூன்றிலிருந்து நாலரை சௌகரியப்படும். ஆனால் ஒருமுறை குறித்த நாளை மாற்றவே கூடாது. இருபது பேருக்குமேல் சேர்க்கவும் கூடாது. இருபத்தோராவது ஆள் வந்தால் அன்றே யாரோ ஒருத்தி பேசாமல் வீடு திரும்புவாள்.

பேச்சாளர் வேண்டாம். அதற்குப் பதில் கோலமாவும் புளியங்கொட்டையும் போதும். 1989-க்குப் பிறகு தென்னிந்திய கிராமங்களில் தொண்டு நிறுவனங்கள் கையாண்ட ஒரு முறை உண்டு. அதிகாரிகள் காகிதத்தில் படம் போடுவதற்குப் பதிலாக, ஊர்க்காரர்களையே கோலப்பொடியும் விதைகளும் கொண்டு தரையில் போடச் சொன்னார்கள். காகிதத்தைக் கண்டால் ஒதுங்குகிற பெண் கோலமாவைக் கண்டால் ஒதுங்குவாளா?

ஒவ்வொருவர் கையிலும் 24 கொட்டை. ஒரு கொட்டை ஒரு மணி நேரம். நேற்று என்ன செய்தோமோ அதன்படி பிரித்து வைக்க வேண்டும்: தூக்கத்துக்கு இத்தனை, சமையலுக்கு இத்தனை, தண்ணீருக்கு, காட்டு வேலைக்கு, மாமியாருக்கு, குழந்தைகள் பாடத்துக்கு. கடைசியில் 'எனக்கு' என்று ஒரு சின்ன வட்டம். அதில் அநேகமாக ஒரு கொட்டையும் மிஞ்சாது. நகரத்துப் பெண்மணிகளுக்குச் செல்போன் வட்டத்தில் இரண்டு மூன்று கொட்டைகள் போய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஆச்சரியமாக இருக்கும். யாரும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை. தரையில் கிடக்கிறதே!

இரண்டாவது வாரம் கவலைகளைப் பிரிக்கலாம். ஒரு கோடு கிழித்து, இந்தப் பக்கம் நம் கையில் உள்ளது, அந்தப் பக்கம் நம் கையில் இல்லாதது. தக்காளி விலை அந்தப் பக்கம். அதைப் பற்றி ராத்திரியெல்லாம் விழித்திருப்பதால் கூடைக்கு ஒரு ரூபாய் ஏறப் போவதில்லை. அடுத்த பட்டத்திலும் முழுக் காட்டிலும் தக்காளியே வைப்பதா, பாதியில் வேறு பயிரா என்பது இந்தப் பக்கம்.

விலை விழுந்த நாளில் இன்னொரு கணக்கும் வருகிறது. ஒரு கூடை பறித்துச் சந்தைக்குக் கொண்டு சேர்க்கக் கூலி, வண்டி, கமிஷன் எல்லாமாக 80 ரூபாய் ஆகிறது. கிடைப்பது 60 ரூபாய் என்று வையுங்கள். "நாற்றுக்கும் உரத்துக்கும் அவ்வளவு செலவழித்துவிட்டு எப்படிச் செடியிலேயே விடுவது?" என்று மனம் அடித்துக் கொள்ளும். போட்டது போட்டதுதான், பறித்தாலும் வராது, பறிக்காவிட்டாலும் வராது. இன்று கேட்க வேண்டிய கேள்வி 80-க்கும் 60-க்கும் உள்ளது மட்டுமே. இது உங்களுக்குப் புரியவில்லை என்றால், பீஸ் கட்டிவிட்டோமே என்பதற்காக அழுது கொண்டே பாட்டு வகுப்புக்குப் போகும் உங்கள் வீட்டுக் குழந்தையைக் கேளுங்கள்.

மூன்றாவது வாரம்தான் லட்சியம். இங்கேதான் வட்டத்தில் உள்ளவர்களுக்கு வேலை. ஒருத்தி சொல்கிறாள் என்று வைத்துக் கொள்ளுங்கள்:

"பொண்ணைப் படிக்க வைக்கணும்."

"எதுவரைக்கும், அக்கா?"

"நர்ஸ் படிப்பு."

"இப்போ எத்தனாவது?"

"ஒன்பதாவது."

"அப்படின்னா இன்னும் மூணு வருஷத்துக்கு மேலே இருக்கு. நாற்பது மாசம்னு வைங்க. மாசம் எவ்வளவு ஒதுக்க முடியும்?"

இவ்வளவு நேரம் வானத்தில் இருந்த ஆசை இப்போது தரைக்கு வந்துவிட்டது. மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாமை 2023 ஜூலை 24-ல் முதலமைச்சர் தொடங்கி வைத்தது இதே மாவட்டத்துத் தொப்பூரில்தான். அந்த ஆயிரத்தில் பாதியைத் தொடாமல் வைத்தால் நாற்பது மாதத்தில் 20,000 ரூபாய். வட்டத்தில் இன்னொருத்தி சொல்வாள்: "அரசுப் பள்ளியிலே ஆறாவதிலேருந்து படிச்ச பொண்ணு காலேஜ் போனா மாசம் ஆயிரம் தர்ற புதுமைப் பெண் திட்டம் 2022-லேயே வந்திருக்கு, அக்கா. பள்ளிக்கூடத்திலே விசாரிங்க." எந்தப் பேச்சாளரும் இந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடான உபகாரம் செய்துவிட முடியாது.

இதோடு விட்டால் பாதிக் கிணறுதான். தடை எங்கிருந்து வரும் என்றும் அன்றே கேட்டுவிட வேண்டும். அந்தத் தாய்க்கு நன்றாகத் தெரியும், எங்கிருந்து வரும் என்று. பெண் பத்தாவது தாண்டியதும் சொந்தத்தில் யாராவது சம்பந்தம் பேச வருவார்கள். நல்ல இடம், வரதட்சிணை இல்லை, இப்போது விட்டால் கிடைக்காது என்பார்கள். நாற்று வாங்க அவசரம் என்று வீட்டுக்காரர் அந்தப் பணத்தைக் கேட்பார். அந்த நேரத்தில் யோசித்துப் பதில் சொல்லலாம் என்று இருந்தால், அந்த நேரத்தில் யோசனை வராது, அழுகைதான் வரும்.

ஜெர்மனியில் பீட்டர் கோல்விட்சர் என்ற மனோதத்துவப் பேராசிரியர் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். (இந்தச் சோதனை கதை அல்ல, 1997-ல் அச்சாகி வெளிவந்தது.) கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு கட்டுரை எழுதி அனுப்பும்படி மாணவர்களைக் கேட்டார்கள். ஒரு பகுதியினரிடம் மட்டும், எந்த நேரத்தில் எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதுவீர்கள் என்று முன்கூட்டியே குறித்துத் தரச் சொன்னார்கள். குறித்துத் தந்தவர்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கினர் நேரத்தில் முடித்தார்கள். மற்றவர்களில் மூன்றில் ஒரு பங்கினரே முடித்தார்கள். ஆசை இரு தரப்பாருக்கும் ஒன்றுதான். 'இப்படி நடந்தால் இப்படிச் செய்வேன்' என்று முன்பே முடிவு செய்து வைத்ததுதான் வித்தியாசம்.

ஆகவே அந்தத் தாயின் நோட்டில் இப்படி எழுதப்பட வேண்டும்: 'யாராவது பெண் கேட்டு வந்தால், பதினெட்டு முடியவில்லை, சட்டப்படி குற்றம், பன்னிரண்டாவது முடியட்டும் என்று நான் சொல்வேன். அன்று மாலையே குழுவில் இரண்டு பேரை வீட்டுக்கு வரச் சொல்வேன்.' அந்த இரண்டு பேர் யார் யார் என்பதையும் அன்றே குறித்துவிட வேண்டும்.

நோட்டு யாரிடம்?

நல்லதை மட்டும் சொல்லிப் போவது நியாயமாகாது. குழு என்ற பெயரை வைத்துக் கொண்டு, கேள்வியும் இல்லை, சேமிப்பும் இல்லை, கையெழுத்துப் போட்டால் பணம் என்று தனியார் கம்பெனிகள் வீட்டு வாசலுக்கே வந்தன. ஒரு குழுக் கடனை அடைக்க இன்னொரு குழு, அதை அடைக்க மூன்றாவது என்று சிக்கிக் கொண்ட பெண்கள் தமிழ்நாடு முழுவதும் உண்டு. வசூலுக்கு வருகிறவர்களின் வற்புறுத்தலைத் தடுக்க 2025-ல் மாநில அரசு தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. வட்டமாக உட்கார்வது அங்கேயும் இருந்தது. 'எதற்கு? திருப்ப முடியாவிட்டால்?' என்று கேட்பதுதான் போயிற்று. கேட்டுக் கொண்டிருந்த இடத்தில் கையெழுத்து வாங்குகிறவர் வந்து உட்கார்ந்துவிட்டார்.

எனவே உங்கள் வகுப்பில் பணம் புழங்க வேண்டாம் என்பது என் யோசனை. சீட்டுப் பிடிப்பதை அங்கே கொண்டு வராதீர்கள். புடவை வியாபாரத்தையும்தான். ஆறு வாரம் போதும். நாலாவது, ஐந்தாவது வாரங்களில் புதிதாக ஒன்றும் வேண்டாம். நோட்டைத் திறந்து, சொன்னது என்ன, செய்தது என்ன என்று படித்தால் போதும். செய்யாதவளைத் திட்டக் கூடாது. எது குறுக்கே வந்தது என்று மட்டும் கேட்டு எழுதிக் கொள்ள வேண்டும். லட்சியத்தை மாற்றிக் கொள்ளவும் அனுமதி உண்டு. நர்ஸ் படிப்பு வேண்டாம், கணக்கு படிக்கிறேன் என்று அந்தப் பெண்ணே சொன்னால், தாயின் நோட்டில் அடித்து எழுதத்தானே வேண்டும்? இத்தனை பேரும் கூடிப் பேசிய விஷயத்தில், அவளை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை என்பதை நீங்கள் கவனித்தீர்களோ இல்லையோ! ஐந்தாவது வாரம் அவளையும் கூப்பிட்டு வட்டத்தில் உட்கார வையுங்கள்.

ஆறாவது வாரம் ஒரே ஒரு முடிவு எடுக்க வேண்டும். நோட்டை யார் வைத்திருப்பது? எல்லாரையும்விட நன்றாகப் பேசுகிறவரிடம் கொடுக்காதீர்கள். ஒரு வாரமும் தவறாமல் வந்தவர் யாரோ, அவரிடம் கொடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடிப் படிப்பதற்கு நாளும் அன்றே குறித்துவிடுங்கள்.

செலவு அதிகமில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று, கோலமாவு அரைப்படி. புளியங்கொட்டையை மட்டும் இப்போதிலிருந்தே சேர்த்து வையுங்கள். பதினைந்து பேருக்குத் தலைக்கு 24 வீதம் 360 வேண்டியிருக்கும்.